தற்கொலை சரியா, தவறா? கிரேக்க, ரோமானியத் தத்துவவாதிகளின் பழைய வழக்கு

ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவத்துக்கு இப்போது இணையத்தில் நல்ல மவுசு. மார்கஸ் அரேலியஸ் ஒரு வரி, செனகா ஒரு வரி என்று ரீல்ஸ் ஓடாத நாளில்லை. அந்த ஆர்வத்தில் ரோமானியத் தத்துவவாதி செனகாவின் கடிதங்களை வாங்கி வாசிக்க உட்காருகிறவர்கள் ஓரிடத்தில் திடுக்கிட்டு நிற்பார்கள். கோபத்தை அடக்குவது, நேரத்தை வீணாக்காமல் இருப்பது என்று பேசிக்கொண்டு வந்த மனுஷர் திடீரென்று, "ஞானி வாழ முடிகிற வரைக்கும் வாழ்வதில்லை, வாழ வேண்டிய வரைக்கும்தான் வாழ்வான்" என்கிறார். என்ன இது, தற்கொலைக்கு வக்காலத்தா?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. கிரேக்கர்களும் ரோமானியர்களும் தற்கொலையைத் தப்பாக நினைக்கவில்லை, கிறிஸ்தவம் வந்த பிறகுதான் அது பாவம் ஆயிற்று என்பார்கள். இது பாதிதான் சரி. சாக்ரடீஸ் செத்த கி.மு. 399 தொடங்கி, பிளேட்டோவின் வழியில் வந்த புளோட்டினஸ் என்ற தத்துவவாதி செத்த கி.பி. 270 வரைக்கும் கணக்குப் பார்த்தால் 660 வருஷங்களுக்கு மேல் வருகிறது. அத்தனை காலமும் அத்தனை பேரும் ஒரே குரலில் பேசியிருப்பார்களா? ஒரு தத்துவப் பள்ளிக்கும் இன்னொன்றுக்கும் சண்டை. ஒரே ஆள் ஒரு கடிதத்தில் ஒன்று சொல்லி, எட்டுக் கடிதம் தள்ளி வேறொன்று சொல்வதும் உண்டு.

என் கண்ணில் படுவது இன்னொன்று. ஏட்டில் எழுதும்போது இவர்கள் விதவிதமாக வாதாடுகிறார்கள். ஆனால் "இனி நான் இருக்கப் போவதில்லை" என்று ஒரு நண்பர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தால், எனக்குக் கிடைத்த சம்பவங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருந்தது: இரு, போகாதே. மேற்கோள்களாகப் பரவுவது ஏட்டில் உள்ளது மட்டும்.

விஷயத்துக்குள் போகும் முன் ஒன்று. தத்துவ ஆர்வத்தில் இல்லாமல் வேறு மனநிலையில் இதை வாசிக்க வந்திருந்தால், கட்டுரை எங்கேயும் போய்விடாது, முதலில் யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம்.

சாக்ரடீஸின் கடைசிக் காலை

ஏதென்ஸ் நகரச் சிறை. அன்று மாலை சாக்ரடீஸுக்கு மரண தண்டனை நிறைவேறப் போகிறது. கால் விலங்கை அப்போதுதான் கழற்றியிருக்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார். இதை எழுதியவர் அவருடைய மாணவர் பிளேட்டோ, நூலின் பெயர் 'பைடோ'. (பிளேட்டோ அன்றைக்கு அங்கே இல்லை. உடம்பு சரியில்லையாம். நூலிலேயே அப்படி ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது.)

எவனஸ் என்ற கவிஞரைப் பற்றிப் பேச்சு வருகிறது. "அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். புத்தியிருந்தால் சீக்கிரம் என் பின்னாலேயே வரச் சொல்லுங்கள்" என்கிறார் சாக்ரடீஸ். உடனே ஒரு ஒட்டும் போடுகிறார்: ஆனால் தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்ள மாட்டார், அது கூடாது என்கிறார்களே. கூட இருந்த கேபிஸ் பிடித்துக்கொள்கிறார். சாவு தத்துவவாதிக்கு நல்லது என்கிறீர்கள், அதைத் தானே தேடிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறீர்கள். இது என்ன கணக்கு?

சாக்ரடீஸ் இரண்டு பதில் வைக்கிறார். முதலாவது, ரகசியமாகச் சொல்லப்பட்டுவந்த ஒரு கொள்கை. மனிதர்கள் ஒருவிதக் காவலில் இருக்கிறார்கள், அதிலிருந்து தாங்களாகவே விடுவித்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது அது. இது பெரிய விஷயம், எளிதில் விளங்குவதில்லை என்று சொல்லி அதை அப்படியே விட்டுவிடுகிறார். இரண்டாவதைத்தான் அவர் அழுத்திச் சொல்கிறார்: நாம் கடவுள்களின் உடைமை. உனக்குச் சொந்தமான ஓர் உயிர், நீ சொல்லாமலே தன்னை மாய்த்துக்கொண்டால் உனக்குக் கோபம் வராதா? அதே நியாயம்தான் கடவுள்களுக்கும்.

வாதம் இத்தோடு நின்றிருந்தால் முழுத் தடை ஆகியிருக்கும். ஆனால் சாக்ரடீஸ் ஒரு சிறு வாசலை விட்டுவைக்கிறார். "இப்போது எனக்கு நேர்ந்திருப்பதைப் போல ஏதாவது ஒரு கட்டாயத்தைக் கடவுள் அனுப்பும்வரை" கூடாது என்கிறார். அவருக்கு நேர்ந்திருந்தது நகர நீதிமன்றத்தின் தண்டனை. ஆகவே அவர் செய்தது தற்கொலையா, மரண தண்டனைக்குக் கீழ்ப்படிந்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தண்டனைதான். தீர்ப்பு அவருடையதல்ல. ஆனால் அந்த 'கட்டாயம்' இருக்கிறதே, அடுத்த சில நூற்றாண்டுகளில் அதன் வழியாக நுழையாத ஆளில்லை. யாருக்குத்தான் தன் நிலைமை கடவுள் அனுப்பிய கட்டாயமாகத் தோன்றாது?

பிளேட்டோ வயதான காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. அது ஒரு கற்பனை நகரத்துக்கான சட்டப் புத்தகம். நகரம் உத்தரவிட்டதால், தவிர்க்க முடியாத கொடிய துன்பத்தால், அல்லது மீளவே முடியாத அவமானத்தால் இறந்தவர்களை விட்டுவிடலாம். சோம்பலாலும் கோழைத்தனத்தாலும் உயிரை விட்டவர்களுக்கு மட்டும் தண்டனை: நாட்டின் பகுதிகளுக்கு இடையிலான எல்லையில், பெயரில்லாத தரிசு நிலத்தில், தனியே புதைக்க வேண்டும், கல் நடக் கூடாது, பெயரும் பொறிக்கக் கூடாது. இது முழுக்கப் பிளேட்டோவின் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. நிஜ ஏதென்ஸில் தன்னை மாய்த்துக்கொண்டவரின் கையை உடலிலிருந்து பிரித்துத் தனியாகப் புதைக்கும் வழக்கம் இருந்ததாக ஈஸ்கினஸ் என்ற பேச்சாளர் ஒரு வழக்கில் குறிப்பிடுகிறார். ஆக, 'கிரேக்கர்கள் தப்பாக நினைக்கவில்லை' என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அரிஸ்டாட்டில் இதைப் பற்றித் தனியாக எதுவும் எழுதவில்லை. வேறு விஷயம் பேசும்போது இரண்டு இடத்தில் தொட்டுச் செல்கிறார். வறுமைக்கோ காதல் வேதனைக்கோ பயந்து சாவது வீரமில்லை, கோழைத்தனம் என்பது ஓரிடம். மற்றது கொஞ்சம் சிக்கலானது. கோபத்தில் ஒருவன் தன்னையே மாய்த்துக்கொண்டால் அநீதி யாருக்கு? தனக்கு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் விரும்பி ஏற்றுக்கொள்வது அநீதி ஆகாது. ஆகவே நகரத்துக்குத்தான் என்கிறார். நகரம் எதை இழந்தது என்று அவர் விளக்குவதில்லை. கோழை என்ற வார்த்தையைப் பிளேட்டோவைப் போலவே இவரும் சுலபமாக வீசுகிறார், அந்த மனிதனுக்குள் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இருவரையும் வாசிக்கும்போது எனக்கு நெருடுகிற இடம் இதுதான்.

பாடம் கேட்டுச் செத்தவர்கள்

இந்த விஷயத்தில் தத்துவமே ஆபத்தாக முடிந்த கதைகளும் உண்டு. இன்றைய லிபியாவில் இருந்த சிரேனே நகரத்து ஹெகசியஸ், இன்பம்தான் வாழ்க்கையின் குறி என்ற பள்ளியைச் சேர்ந்தவர். அந்தப் பள்ளியிலிருந்து கிளம்பி அவர் போய்ச் சேர்ந்த இடம் விநோதமானது. மனித வாழ்க்கையில் துன்பமே அதிகம், இன்பம் கைக்கு எட்டாது என்று அவர் பாடம் நடத்தினார். அவருக்கு 'சாவுக்கு இணங்க வைப்பவர்' என்றே பட்டப்பெயர். பாடம் கேட்ட பலர் உயிரை விட்டதால் எகிப்து மன்னர் டாலமி அவர் பேசவே தடை போட்டார் என்று ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோ எழுதுகிறார்.

சிசரோ அடுத்தபடியாகச் சொல்வது கிளியோம்புரோட்டஸ் கதை. அலெக்சாந்திரியக் கவிஞர் கல்லிமாக்கஸ் இவரைப் பற்றி நாலு வரிக் கவிதை எழுதியிருக்கிறார். ஒரு துன்பமும் இல்லாத இளைஞர், ஆன்மா பற்றிப் பிளேட்டோ எழுதிய ஒரே ஒரு நூலை வாசித்துவிட்டுச் செத்துப்போனார் என்பது சாரம். அந்த நூல் எது? அதே 'பைடோ'. செய்யாதே என்று ஆரம்பத்திலேயே சொல்லும் நூலை வாசித்துவிட்டு அதையே செய்திருக்கிறார். புத்தகத்தில் வாசகர் எதை எடுத்துக்கொள்வார் என்பது எழுதியவர் கையில் இல்லை.

எபிகூரஸ்: சாவு ஒன்றுமில்லை, அதனால் இரு

கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. சாவு நமக்கு ஒன்றுமேயில்லை, நாம் இருக்கும்போது அது இல்லை, அது வரும்போது நாம் இல்லை என்று சொன்னவர் அவர். அப்படியானால் சாக வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அவர் போவது நேர் எதிர்த்திசையில்.

சாவைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை என்றால், அதைத் தேடி ஓடவும் ஒன்றுமில்லை. மெனோசியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், ஞானிக்கு வாழ்க்கை பாரமும் அல்ல, வாழாமல் இருப்பது கெடுதலும் அல்ல என்கிறார். பிறக்காமலே இருப்பது நல்லது, பிறந்துவிட்டால் சீக்கிரம் போய்ச் சேருவது நல்லது என்ற பழைய கிரேக்கப் பாட்டை அதே கடிதத்தில் கிண்டல் செய்கிறார். நிஜமாகவே நம்பிச் சொல்கிறவன் ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறான், விளையாட்டுக்குச் சொன்னால் அது விளையாடுகிற விஷயமா என்று கேட்கிறார். இன்னொரு சின்னக் குறிப்பில், வாழ்க்கையை விட்டுப் போக நிறையக் காரணங்கள் வைத்திருப்பவன் மிகச் சிறிய மனிதன் என்கிறார். கடுமையான வாக்கியம்தான். ஆனால் அவர் பேசியபடியே நடந்துகொண்டார்.

கி.மு. 270-இல் சிறுநீர்க் கல் அடைப்பால் அவர் சாகக் கிடந்தார். வலி உச்சத்தில் இருந்த அந்தக் கடைசி நாளில் இடோமெனியஸ் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் போகிறது. "என் வாழ்க்கையின் கடைசி நாளான இந்த மகிழ்ச்சியான நாளில் இதை எழுதுகிறேன்" என்று ஆரம்பிக்கிறார். வலிக்கு இதற்குமேல் அதிகமாக இடமில்லை, ஆனால் நாம் பேசிய பேச்சுகளின் நினைவு அத்தனைக்கும் எதிரில் நிற்கிறது என்கிறார். பிறகு, காலமான சீடர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முடிக்கிறார்.

இவருடைய தத்துவத்தை இரண்டு நூற்றாண்டு கழித்து லத்தீன் கவிதையாக்கிய லுக்ரீஷியஸ் ஒரு கூர்மையான கவனிப்பைச் சேர்க்கிறார். சிலர் சாவுக்குப் பயந்து பயந்தே வாழ்க்கையை வெறுத்துச் சாவைத் தேடிப் போகிறார்கள், தங்கள் துயரத்தின் ஊற்று அந்தப் பயம்தான் என்பதையே மறந்துவிடுகிறார்கள் என்கிறார். கோழை, வீரன் என்ற தீர்ப்பு இல்லாமல் மனசுக்குள் எட்டிப் பார்க்கிற வரி இது.

ஸ்டோயிக்குகளும் அந்த விருந்தும்

சரி, வம்புக்கு வருவோம். ஸ்டோயிக் பள்ளியை ஏதென்ஸில் கி.மு. 300 வாக்கில் தொடங்கியவர் ஸீனோ. இவர்களுடைய நிலைப்பாடு புரிய, முதலில் இவர்களுடைய ஓர் அடிப்படைக் கணக்கு புரிய வேண்டும். நல்லது என்று சொல்லத் தக்கது நற்குணம் ஒன்றுதான், கெட்டது என்றால் தீய குணம்தான். உடல்நலம், பணம், பெயர், ஏன், உயிர்கூட இரண்டிலும் சேராத நடுத்தரச் சரக்கு. நடுத்தரம் என்றாலும் உடல்நலம் விரும்பத்தக்கது, நோய் தவிர்க்கத்தக்கது. உயிரோடு இருப்பதும் விரும்பத்தக்கது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டால் விசித்திரமான விடை வருகிறது, அதை அவர்கள் கூசாமல் சொன்னார்கள். ஒருவன் இருக்கலாமா போகலாமா என்பதை முடிவு செய்வது அவன் சந்தோஷமாக இருக்கிறானா என்பதல்ல. உடல்நலம் போன்ற, இயற்கைக்கு ஒத்தவை அவன் வாழ்க்கையில் கூடுதலாக இருக்கின்றனவா, குறைவாக இருக்கின்றனவா என்பதுதான். ஆகவே முழு மகிழ்ச்சியில் இருக்கும் ஞானிக்குக்கூடப் போவது பொருத்தமாக அமையலாம். பரிதாபமான நிலையில் இருக்கும் முட்டாளுக்கு இருப்பதே பொருத்தம். ஸ்டோயிக்குகளின் பார்வையில் ஞானி என்பவன் எங்கேயோ ஒருவன், மற்ற எல்லாரும் முட்டாள் கணக்குதான். அப்படியென்றால் இந்த அனுமதிச் சீட்டு யாருக்கு? ரீல்ஸ் போடுகிறவர்கள் கவனிக்காத இடம் இது. மனம் நொந்தவனுக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. விரக்தியை இவர்கள் காரணமாக ஏற்கவில்லை.

ஏற்றுக்கொண்ட காரணங்கள் கொஞ்சம்தான். நாட்டுக்காக, நண்பர்களுக்காக, தீராத வலி அல்லது குணமாகாத நோய் வந்தால் ஞானி நியாயமான முறையில் வாழ்க்கையிலிருந்து வெளியேறலாம் என்று அவர்களுடைய கொள்கையைத் தொகுத்தவர் எழுதுகிறார். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் ஒலிம்பியோடோரஸ் என்ற தத்துவவாதி பதிவு செய்திருக்கும் ஸ்டோயிக் உவமை இன்னும் சுவையானது. வாழ்க்கை ஒரு விருந்து. விருந்து ஐந்து காரணங்களால் கலையலாம்: திடீரென்று ஓர் அவசர வேலை வரலாம், குடித்துவிட்டு ரவுடிகள் உள்ளே புகலாம், பரிமாறிய உணவு கெட்டுப்போகலாம், உணவே தீர்ந்துபோகலாம், விருந்தாளிகளுக்குப் போதை ஏறிவிடலாம். நாட்டுக்கான கடமை, கொடுங்கோலனின் நிர்ப்பந்தம், தீராத நோய், கொடிய வறுமை, புத்தி பேதலிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர். கடைசியைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. புத்தி பேதலித்தவன் நியாயமாக யோசித்து முடிவெடுப்பது எப்படி? இன்றைய மருத்துவம் பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் சிகிச்சை என்று எழுதுவார்கள். அந்தச் சொல் இந்தப் பட்டியலில் இல்லை.

எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனம். தத்துவவாதிகளை டொமிஷியன் பேரரசர் விரட்டியடித்த பிறகு மேற்குக் கிரேக்கத்தில் நிகோபொலிஸ் ஊரில் பள்ளி நடத்தினார். வீட்டுக்குள் புகை வந்துவிட்டதா, மிதமாக இருந்தால் இருப்பேன், தாங்க முடியாவிட்டால் வெளியே போவேன், கதவு திறந்திருக்கிறது என்ற பிரபலமான வாசகம் அவருடையது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைத் தற்கொலை ஆதரவாளராக்கிவிடுவார்கள். அவர் அதைச் சொல்லும் இடம் வேறு. கொடுங்கோலன் உன்னைக் கட்டிப்போட முடியாது, உன் சுதந்திரம் உன் கையில் இருக்கிறது, அதனால் புலம்பாமல் இரு என்பது பேச்சு. கதவு இருக்கிறது என்று தெரிந்தவன் உள்ளே நிம்மதியாக உட்கார்வான் என்பது அவர் கணக்கு.

அவருடைய மாணவர்களுக்கே இது குழப்பமாக இருந்திருக்க வேண்டும். இந்த உடம்போடு கட்டிப்போட்டு அதற்குச் சோறு போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, எங்களைப் போக விடுங்கள் என்று இளைஞர்கள் வந்தால் என்ன சொல்வேன் என்று அவரே ஓரிடத்தில் பேசிக் காட்டுகிறார். "கடவுளுக்காகக் காத்திருங்கள். இந்தப் பணியிலிருந்து அவர் சைகை காட்டி விடுவிக்கும்போது போகலாம். இப்போதைக்கு அவர் நிறுத்திய இடத்தில் இருங்கள்." சாக்ரடீஸின் காவல் இங்கே காவல் பணியாக மாறிவிடுகிறது.

அவரிடம் ஒரு நிஜ சம்பவமும் இருக்கிறது. நண்பர் ஒருவர் எந்தக் காரணமும் இல்லாமல் உயிரை விடுவதென்று முடிவெடுத்துச் சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் விஷயம் காதுக்கு வந்ததும் எபிக்டெட்டஸ் போனார்.

என்ன நடந்தது என்று கேட்டார். முடிவு செய்துவிட்டேன் என்றார் நண்பர். சரி, எது உன்னை அப்படி முடிவு செய்ய வைத்தது? நண்பரிடம் காரணம் இல்லை, கொள்கைதான் இருந்தது: எடுத்த முடிவில் உறுதியாக நிற்க வேண்டும்.

எபிக்டெட்டஸுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லா முடிவிலுமா நிற்பது? சரியான முடிவில் நிற்க வேண்டும். இப்போது இரவு என்று உனக்குத் தோன்றினால் அதிலும் உறுதியாக நிற்பாயா? முதலில் அஸ்திவாரம் கெட்டியா என்று பார். இற்றுப்போன அஸ்திவாரத்தின்மேல் எவ்வளவு பலமாகக் கட்டுகிறாயோ அவ்வளவு சீக்கிரம் இடிந்து விழும். ஒரு காரணமும் இல்லாமல் எங்கள் நண்பனை, எங்கள் தோழனை எங்களிடமிருந்து பறிக்கிறாய். ஒரு தப்பும் செய்யாத மனிதனைக் கொன்றுகொண்டே உறுதியைப் பற்றிப் பேசுகிறாய். என்னைக் கொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அந்த முடிவிலும் நிற்பாயா?

"அவனைச் சம்மதிக்க வைப்பதற்குள் படாத பாடு பட்டேன்" என்று முடிக்கிறார். கதவு திறந்திருக்கிறது என்று சொன்ன அதே ஆள் இவர்.

ரோமில் அரசியலும் சேர்ந்துகொள்கிறது

ரோமானியர்கள் இந்த விஷயத்தில் வந்து வந்து நிற்பது ஒரே ஒருவரிடம்தான்: இளைய கேட்டோ. சீசருக்கு எதிராகக் குடியரசின் பக்கம் நின்று தோற்று, கி.மு. 46-இல் வட ஆப்பிரிக்காவின் உட்டிகாவில் உயிரை விட்டவர். அன்றிரவும் அவர் கையில் இருந்தது 'பைடோ'தான். இரண்டு முறை வாசித்து முடித்தாராம். மகனும் நண்பர்களும் அழுதுகொண்டே தடுத்துப் பார்த்தார்கள், அவர் கேட்கவில்லை. செய்தி கேட்ட சீசர், "கேட்டோ, உன் சாவை நினைத்துப் பொறாமைப்படுகிறேன். உன்னை உயிரோடு விட்ட பெருமையை நீ எனக்குத் தரவில்லையே" என்றதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. சீசரின் கருணையை ஏற்பது அவரை எஜமானன் என்று ஒப்புக்கொள்வதாகும். கேட்டோவின் சாவு ஓர் அரசியல் அறிக்கை.

அதைப் பொது விதியாக்கலாமா? சிசரோ மாட்டேன் என்கிறார். கேட்டோவின் இயல்பு வேறு, அவருக்கு அது பொருந்தியது, அதே நிலைமையில் சீசரிடம் சரணடைந்த மற்றவர்கள் அதைச் செய்திருந்தால் ஒருவேளை அது தப்பாகியிருக்கும் என்று தன் மகனுக்கு எழுதிய அறநூலில் சொல்கிறார்.

சிசரோவுக்கு இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. கி.மு. 58-இல் அரசியல் எதிரி குளோடியஸ் அவரை நாடு கடத்த வைத்தபோது மனிதர் நொறுங்கிப்போனார். உயிரை விட நினைத்தவரைக் கடிதத்துக்குமேல் கடிதம் போட்டுத் தடுத்தவர் பால்ய நண்பர் அட்டிகஸ். வழியிலிருந்து சிசரோ பதில் எழுதுகிறார்: "வாழும்படி என்னைக் கட்டாயப்படுத்தியதற்காக உனக்கு நன்றி சொல்லும் நாளைப் பார்ப்பேனாக. இப்போதைக்கோ அதற்காக வருந்துகிறேன்." அடுத்த வருஷமே அவரைத் திரும்ப அழைத்துச் சட்டம் நிறைவேறியது. ரோம் நகருக்குள் நுழைந்தபோது வரவேற்கக் கூட்டம் நின்றது. பிறகு அட்டிகஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அந்த வரவேற்பை ரசித்து ரசித்து விவரிக்கிறார்.

பேரரசர்கள் காலத்தில் அரசியல் இன்னும் அசிங்கமாகிறது. திபேரியஸ் ஆட்சியில் தேசத்துரோக வழக்கில் தண்டனை பெற்றால் சொத்து பறிபோகும், அடக்கமும் கிடையாது. தீர்ப்புக்கு முன்பே தன் உயிரை விட்டவருக்கு அடக்கம் உண்டு, உயிலும் செல்லும். அவசரப்பட்டதற்கான கூலி என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கசப்போடு எழுதுகிறார். ரோமானியப் பிரமுகர்களின் 'கம்பீரமான' சாவுகளை வாசிக்கும்போது இந்தக் கூலியை மறந்துவிடக் கூடாது. குடும்பத்துக்குச் சொத்து மிஞ்ச வேண்டும் என்பதற்காகச் செய்ததைச் சுதந்திரம் என்று கொண்டாடுவது கொஞ்சம் அதிகம்தான்.

செனகாவின் முடிவும் இப்படித்தான். கி.பி. 65-இல் ஒரு சதி வழக்கைச் சாக்கிட்டு நீரோ உத்தரவு அனுப்பினான். பெயர்தான் தற்கொலை, நிறைவேற்றியது அரசன் கட்டளை. கூடவே சாக முனைந்த மனைவி பவுலினாவை நீரோவின் ஆட்கள் தடுத்துவிட்டார்கள், அவர் இன்னும் சில வருஷம் வாழ்ந்தார்.

ஆரம்பத்தில் சொன்ன 'வாழ வேண்டிய வரைதான்' என்ற வரி செனகாவின் 70-ஆம் கடிதத்தில் வருகிறது. அதை வாசித்தவர்கள் தயவுசெய்து 78-ஐயும் வாசிக்க வேண்டும். இளம் வயதில் நாள்பட்ட மூச்சுக் கோளாறால் எலும்பும் தோலுமாகிவிட்டார் செனகா. முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலமுறை வந்ததாம். "என்னைத் தடுத்தது என் வயதான அப்பாவின் நினைப்பு. நான் எவ்வளவு துணிச்சலாகச் சாக முடியும் என்று யோசிக்கவில்லை. என் பிரிவை அவரால் எவ்வளவு தாங்க முடியும் என்று யோசித்தேன். ஆகவே வாழும்படி எனக்கு நானே உத்தரவிட்டேன். சில நேரம் வாழ்வதே துணிச்சலான செயல்." நண்பர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பேசியதும் தேறி வர மிகவும் உதவியது என்றும் சேர்க்கிறார். 104-ஆம் கடிதத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: மனைவிக்காகவோ நண்பனுக்காகவோ இன்னும் கொஞ்ச நாள் இருக்க மனமில்லாதவன் சொகுசுப் பேர்வழி. 24-ஆம் கடிதத்தில், சாவின் மேல் பலருக்கு ஒரு மோகம் பிடித்திருக்கிறது, அதிலிருந்து தப்பித்துக்கொள் என்று நண்பர் லூசிலியஸை எச்சரிக்கிறார். எல்லாம் ஒரே தொகுப்புதான்.

சட்டம் தத்துவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அது பார்த்தது சொத்தையும் ஒழுங்கையும்தான். அடிமையை விற்கிறவர், அவன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவன் என்றால் அதை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கம்பீரம், சுதந்திரம் எல்லாம் பிரமுகர்களுக்குத்தான். அடிமையின் விரக்தி சரக்கில் உள்ள குறை.

'தவறு' என்ற தீர்ப்பு திட்டவட்டமாக வருவது கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டீனிடம். கி.பி. 410-இல் ரோம் கொள்ளைபோன பிறகு எழுதிய 'கடவுளின் நகரம்' நூலில், கொலை செய்யாதே என்ற கட்டளை தன் உயிருக்கும் பொருந்தும் என்கிறார். கேட்டோவை நேரடியாகவே இழுத்து, அவர் செய்தது பலவீனம் என்கிறார். மனிதன் கடவுளின் உத்தரவில்லாமல் போகக் கூடாது என்ற வாதம் அவருக்கு முன்பே 'பைடோ'வில் இருந்ததுதான்.

புளோட்டினஸ் கதவைத் தட்டிய நாள்

அகஸ்டீனுக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்னால், ரோமில் புளோட்டினஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிளேட்டோவின் வழியில் வந்தவர். ஆன்மாவைப் பலவந்தமாக உடலிலிருந்து வெளியேற்றாதே, அப்படிப் போகும்போது அது ஏதோ ஒரு வேதனையையோ கோபத்தையோ சுமந்துகொண்டுதான் போகும், முன்னேற இன்னும் வாய்ப்பிருக்கும்வரை இரு என்று ஒரு பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். முழுத் தடை என்று சொல்ல முடியாது, வேறிடத்தில் கொஞ்சம் தளர்த்தியும் பேசுகிறார்.

அவருடைய மாணவர் போர்ஃபிரி. கி.பி. 268 வாக்கில், முப்பது வயதைக் கடந்த நேரத்தில், உயிரை விட்டுவிடலாம் என்று மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. புளோட்டினஸ் எப்படியோ புரிந்துகொண்டார். எதிர்பாராத நேரத்தில் போர்ஃபிரி தங்கியிருந்த வீட்டுக்கே வந்து நின்றார். இந்த ஆசை உன் அறிவிலிருந்து வரவில்லை, இது ஒருவித மனச்சோர்வு நோய் என்று சொன்னார். ஊரை விட்டுக் கொஞ்ச நாள் போய் வரச் சொன்னார்.

கோழை என்று திட்டவில்லை, கடவுளின் உடைமை என்று வாதாடவில்லை, ஐந்து காரணங்களை எண்ணவில்லை. நோய் என்றார், இடம் மாற்றச் சொன்னார். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் எட்டிப் பார்க்காத இடத்தை இவர் பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போர்ஃபிரி கேட்டுக்கொண்டு சிசிலித் தீவின் லிலிபேயம் நகரத்துக்குப் போனார். 270-இல் புளோட்டினஸ் இறந்தபோது அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். முப்பது வருஷம் கழித்து, அறுபத்தெட்டு வயதைத் தொட்ட போர்ஃபிரி, குருவின் 54 கட்டுரைகளையும் ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதிகளில் அடுக்கி, முன்னால் அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதிச் சேர்த்தார். புளோட்டினஸ் இன்று நமக்குக் கிடைப்பது அந்தத் தொகுப்பில்தான். அந்த வாழ்க்கை வரலாற்றில் சிசிலிப் பயணத்தைப் பற்றி இப்படி எழுதுகிறார்: அந்த எண்ணத்திலிருந்து நான் விடுபட்டேன், ஆனால் கடைசிவரை புளோட்டினஸின் பக்கத்தில் இருக்க முடியாமல் போயிற்று.